‘அல்ஹம்து லில்லாஹ்’ என்றால் வலி இல்லை என்று பொருளல்ல

2016-இல் ஆறு மாதம் ஜோர்டானின் இர்பித் நகரில் தன்னார்வலராக வேலை செய்தேன். தொழிலால் இயன்முறை மருத்துவர். சொந்த ஊர் திருச்சி. சிரியாவின் தரா நகரம் அங்கிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம்தான். எங்கள் சிறிய மையத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் போருக்குத் தப்பி அங்கிருந்து வந்தவர்கள்.

முதல் வாரத்தில் ஒரு மூதாட்டி வந்தார். இடுப்பெலும்பு முறிந்து சரியாகக் கூடாமல் இருந்தது. அங்கே வயதான பெண்களை, மக்காவுக்குப் போய் வந்தவரோ இல்லையோ, ‘ஹஜ்ஜே’ என்றே மரியாதையாக அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்து, மனப்பாடம் செய்திருந்த அரபியில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். ‘இறைவனுக்கே புகழ்’ என்று பொருள்படும் பதில் வந்தது:

“அல்ஹம்து லில்லாஹ்.”

வலி எப்படி இருக்கிறது?

“அல்ஹம்து லில்லாஹ்.”

காலை மெல்ல மடக்கினேன், நீட்டினேன். ஒவ்வொரு முறையும் அதே பதில், அதே புன்னகை. வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று குறிக்கும் கட்டத்தில் 2 என்று எழுதினேன். அடுத்த முறை வந்தபோது பயிற்சியைக் கூட்டவும் செய்தேன். அவருடைய இடது கை கட்டில் விரிப்பைச் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்தது. என் கண் அதைப் பார்த்தது, புத்தியில் ஏறவில்லை.

எனக்கு மொழிபெயர்த்தவர் பக்கத்து ஹுஸ்ன் ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண். அவர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார்: “முதல் பதில் கடவுளுக்கு. இன்னொரு முறை கேள், அது உனக்கு.”

திரும்பிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரவில் தூங்க முடிகிறதா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். படுக்க முடியவில்லை, பதினெட்டு நாட்களாகச் சுவரில் சாய்ந்துதான் கண்ணை மூடுகிறேன் என்றார். அதைச் சொல்லி முடித்த கையோடு, “அல்ஹம்து லில்லாஹ் அலா குல்லி ஹால்” என்றார். எந்த நிலையிலும் இறைவனுக்கே புகழ் என்று பொருள். நான் 2-ஐ அடித்துவிட்டு 8 என்று எழுதினேன்.

திருச்சியில் என்னிடம் வரும் பெரியவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே எங்கெங்கே வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தோடு போனவள் நான். இர்பித்திலோ வலியைச் சொல்வதற்கு முன் நன்றி சொல்லியாக வேண்டும். அது மறைப்பதும் அல்ல, வெறும் வாய்ப்பழக்கமும் அல்ல. மகனை இழந்த ஒரு தாயும் என்னிடம் அதே சொல்லைத்தான் சொன்னார். அதன் பிறகு யாரிடமும் ‘வலிக்கிறதா’ என்று மட்டும் கேட்டு நிறுத்தியதில்லை. எத்தனை படி ஏற முடிகிறது, தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, தொழுகையில் குனியும்போது எங்கே பிடிக்கிறது என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்குத்தான் எப்போதும் சரியான பதில் கிடைத்தது.

‘இறைவன் நாடியது’ என்று பொருள்படும் ‘மாஷா அல்லாஹ்’ ஒரே நாளில் பிடிபட்டது. ஒரு குழந்தையின் கன்னத்தைத் தொட்டு எவ்வளவு அழகு என்றேன். தாயின் முகம் மாறியது. கண்ணேறு பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லையே. உடனே அந்தச் சொல்லைச் சேர்த்தேன், அவர் சிரித்துவிட்டார்.

முஸ்லிம் அல்லாத நாம் இவற்றையெல்லாம் சொல்லலாமா என்று அங்கே போகப்போகும் பலர் தயங்குகிறார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஹுஸ்ன் தோழி மாதா படம் பதித்த சங்கிலியைக் கழுத்தில் அணிந்துகொண்டே நாளெல்லாம் இன்ஷா அல்லாஹ், அதாவது ‘இறைவன் நாடினால்’ என்பார். அரபி பேசும் கிறிஸ்தவர்களுக்கும் அது தாய்மொழியின் சொல்தான். அடுத்தவருக்கு வாழ்த்தாகப் போய்ச் சேரும் சொற்களை மனதாரச் சொன்னேன். நம்பிக்கையை அறிவிக்கும் கலிமாவை ஒருவர் அன்போடு சொல்லித் தர வந்தபோது, “நான் முருகனைக் கும்பிடுகிறவள், பொய்யாகச் சொல்லமாட்டேன்” என்றேன். அவர் அதை மதித்தார், தேநீரும் ஊற்றித் தந்தார்.

எனக்கு மிகப் பிடித்தது, வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடக்கும்போது சொல்வது: “யஅதீக்கல் ஆஃபியா”, இறைவன் உனக்கு நலம் தரட்டும். ரொட்டி சுடுபவரிடம், தெருக்கூட்டுபவரிடம், பஸ் ஓட்டுநரிடம் சொல்வார்கள். தமிழில் இப்படி ஒரு சொல் நம் வாயில் இல்லையே என்று இன்றும் ஏங்குகிறேன்.

ஒன்றில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. என்னோடு இருந்த வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் சிலர் ‘இன்ஷா அல்லாஹ்’ என்றால் ‘நடக்காது’ என்று பொருள் என்பார்கள். நாளை இதைச் செய்வேன் என்று இறைவன் நாடினால் என்பதைச் சேர்க்காமல் சொல்லாதே என்று குர்ஆனின் 18-ஆம் அத்தியாயம் சொல்கிறது. அவ்வளவு கனமான சொல்லைக் கேலியாக்க அவர்களுக்கு எப்படி மனம் வந்தது?

* * *

மேலே திருச்சி சகோதரி ‘இன்ஷா அல்லாஹ்’ பற்றி எழுதியதைப் படித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. நான் காயல்பட்டினத்துக்காரன், முஸ்லிம். 2017 இறுதியில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், குதுப்பாலாங் முகாமில் பொருள் வழங்கும் வேலையில் இருந்தேன். ராணுவத் தாக்குதல் தொடங்கிய ஆகஸ்ட் 25-க்குப் பிறகு சில மாதங்களுக்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா முஸ்லிம்கள் மியான்மரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள்.

இந்தச் சொற்கள் எனக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம், எனக்கென்ன தடுமாற்றம் என்று நினைத்துத்தான் போனேன். நாம் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று தமிழிலேயே சொல்கிறோம். அங்கே நமாஸ், ரோஜா, மஸ்ஜித். அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

ஒரு நாள் தார்ப்பாய் தீர்ந்துபோனது. வரிசையில் இன்னும் அறுபது பேர் நின்றார்கள். ஊரில் கடைக்காரரிடம் சொல்வதைப் போல, “நாளை, இன்ஷா அல்லாஹ்” என்று கையசைத்துவிட்டு வந்தேன். லாரி வருமா என்று எனக்குத் தெரியாது, யாரிடமும் கேட்கவும் இல்லை.

மறுநாள் அதிகாலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் அங்கே போனால் அந்த அறுபது பேரும் நிற்கிறார்கள். இரவு மழையில் நனைந்திருந்தார்கள். முஸ்லிம் ஒருவன் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கொடுத்த வாக்காக அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். லாரி அன்று வரவில்லை. வரிசையின் முன்னால் நின்ற பெரியவர் டோக்கனை நான்காக மடித்து லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு, என் தோளைத் தட்டி, “இன்ஷா அல்லாஹ்” என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்!

அதன் பிறகு அங்கிருந்த நாளெல்லாம், கிடங்குக்குப் போன் செய்து லாரி கிளம்பிவிட்டதைக் கேட்டறிந்த பிறகே அந்தச் சொல்லை வாயில் எடுத்தேன்.