சர்க்கேடியனுக்கு 'நாளொட்டிய' என்ற சொல்: பழ ஈயிடமிருந்து ஒரு காரணம்

வணக்கம்.

உடலில் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை திரும்பும் சுழற்சிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் சர்க்கேடியன் (circadian). அதற்குத் தமிழில் 'தினசரி', 'அன்றாட' என்று வந்திருக்கும் பரிந்துரைகள் இரண்டும் எளிமையானவைதான். ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. பழ ஈயின் உயிரியல் கடிகாரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், இரண்டுமே இடிக்கும்.

உயிரியல் ஆய்வாளர் ஃபிரான்ஸ் ஹால்பெர்க் 1959-ல் இலத்தீனிலிருந்து இந்தச் சொல்லை அமைத்தபோது 'நாள்' என்பதோடு 'ஏறத்தாழ' என்பதையும் சேர்த்தே வைத்தார். அந்த 'ஏறத்தாழ'வை விட்டுவிட்டால் சொல்லின் உயிரே போய்விடும். ஈயைத் தொடர்ந்து இருட்டில் வைத்தாலும் அதன் விழிப்பும் உறக்கமும் கிட்டத்தட்ட 24 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பும். 1971-ல் ரொனால்ட் கொனொப்கா, சீமோர் பென்சர் என்ற ஆய்வாளர்கள் இந்தக் கால அளவு மாறிப்போன ஈக்களைக் கண்டறிந்தார்கள். ஒரு வகைக்குச் சுழற்சி 19 மணி, இன்னொன்றுக்கு 28 மணி, மூன்றாவதற்குச் சுழற்சியே இல்லை. மூன்றிலும் மாற்றம் 'பீரியட்' என்ற ஒரே மரபணுவில்தான். சரி, 19 மணிச் சுழற்சியைத் 'தினசரிச் சுழற்சி' என்று எப்படி எழுதுவது?

இந்த மணிக்கணக்கைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு நொதிகளுடையது. பீரியட் மரபணு தரும் பெர் புரதம், டிம் என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து இரவில் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, தன்னை உண்டாக்கிய மரபணுவையே நிறுத்தும். பெர் சிதைந்தபின் மரபணு மறுபடி வேலை செய்யும். இவ்வளவுதான் என்றால் ஒரு சுற்று சில மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். முடியவிடாமல் இழுத்துப் பிடிப்பது டபுள்டைம் என்ற நொதி. அதை மரபியலாளர் மைக்கேல் யங்கின் ஆய்வகம் 1998-ல் கண்டுபிடித்தது. பெர் மீது அந்த நொதி பாஸ்பேட் என்ற சிறு வேதித் தொகுதியை ஏற்றுகிறது. அப்படி ஏற்றப்பட்ட பெர் சிதைவுக்குப் போகிறது. அதனால் மாலையில் பெர் உருவாக உருவாகவே குறைந்துகொண்டிருக்கும், போதிய அளவு சேர நேரமாகும். டிம் வந்து பற்றிக்கொண்ட பெர் மட்டும் தப்பும். டபுள்டைமில் ஏற்படும் ஒரு மாற்றம் சுழற்சியை 18 மணியாகச் சுருக்குகிறது, வேறொரு மாற்றம் 27 மணி அளவுக்கு நீட்டுகிறது. டிம் மீது பாஸ்பேட் ஏற்றும் ஷேகி என்ற நொதியும் உண்டு. ஏற்றிய பாஸ்பேட்டை எடுத்துவிடும் நொதிகளும் உண்டு.

இந்த இருவகை நொதிகளுக்கும் 'பாஸ்பேட்டேற்றி', 'பாஸ்பேட்டகற்றி' என்ற இணையை முன்வைக்கிறேன். 'கடிகார நொதி' என்ற பெயர் வேண்டாம். டபுள்டைம் இல்லாத ஈ முழுதாக வளராமலே இறந்துவிடும். ஷேகிக்கு உடல் வளர்ச்சியிலும் வேலை உண்டு. கடிகாரத்தில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்பதற்காகக் கடிகாரத்தின் பெயரையே அவற்றுக்குச் சூட்டினால், படிக்கும் மாணவர் தவறாகவே புரிந்துகொள்வார்.

இனி சர்க்கேடியனுக்கு வருகிறேன். என் பரிந்துரை 'நாளொட்டிய'. 'ஐந்து மணியை ஒட்டி வந்தார்' என்றால் சரியாக ஐந்துக்கு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, முன்னே பின்னே இருக்கலாம். ஹால்பெர்க்கின் 'ஏறத்தாழ' இதில் தானாகவே வந்துவிடுகிறது. எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒட்டுதல் என்றால் பற்றிக்கொள்வதும்தானே? ஈயின் கடிகாரம் வெளியுலகின் நாளை அப்படித்தான் பற்றிக்கொள்கிறது. விடியலில் ஒளி பட்டதும் கிரிப்டோகுரோம் என்ற புரதம் கிளர்ந்து டிம்மைச் சிதைவுக்கு அனுப்ப, கடிகாரம் அன்றைய பகலோடு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இருட்டில் நாளுக்கு அருகில் நிற்பது, ஒளியில் நாளோடு சேர்ந்துகொள்வது என்ற இரண்டையும் ஒரே வினை தாங்குகிறது. ஒளியால் நடக்கும் இந்தச் சரிப்படுத்தலையே 'நாளொட்டல்' என்று சொல்லிவிடலாம்.

'சர்க்கேடியன் ரிதம்' என்ற தொடரில் வரும் ரிதம் என்பதற்குச் 'சந்தம்' கேட்க இனிமையாக இருந்தாலும் 'சுழற்சி'யே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒன்று உருவாகி, அழிந்து, மறுபடி உருவாகிறது என்ற செய்தி அதில்தான் இருக்கிறது. ஆக, 'நாளொட்டிய சுழற்சி'.

ஒரு நாளுக்குக் குறைந்த சுழற்சிகளுக்கும் மிகுந்த சுழற்சிகளுக்கும் இதே குடும்பத்தில் சொல் வேண்டும். முதலாவதற்கு 'நாட்குறைச் சுழற்சி' பொருந்துகிறது. மற்றதைப் புணர்ச்சி விதிப்படி எழுதினால் 'நாண்மிகை' என்றாகி, வில்லின் நாணையே நினைவூட்டுகிறது. 'நாள்மிகை' என்று பிரித்தே எழுதலாமா, அல்லது வேறு சொல் இருக்கிறதா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.