மறு: மீன் கண்டறிகருவியா, மீன்காட்டியா?

வணக்கம்.

படகுக்கு அடியில் இருப்பதை ஒலியால் அறிந்து திரையில் காட்டும் 'ஃபிஷ் ஃபைண்டர்' (fish finder) கருவிக்குத் தமிழ்ச்சொல்லாக ஐயா முன்வைத்த 'மீன் கண்டறிகருவி' எனக்கு ஒட்டவில்லை. நீளமாக இருப்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அந்தக் கருவி எதையும் கண்டறிவதில்லை என்பது.

போன கோடையில் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் நண்பரோடு கயாக் என்ற ஒடுங்கிய சிறு படகில் தூண்டில் போடப் போனேன். கட்டுமரம் போலவே மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் வகை. பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக்க 1921இல் மூழ்கடித்த மாசசூசெட்ஸ் என்ற பழைய போர்க்கப்பல் அங்கே 9 மீட்டர் சொச்சம் ஆழத்தில் கிடக்கிறது. கருவியின் திரையில் மணல்தரை ஒரே கோடாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று சுவர் எழும்பின மாதிரி கோடு மேலே ஏறியது. அதன் தோளை ஒட்டிக் கவிழ்ந்த பிறைகள் மூன்று நான்கு. அவை மீன்கள் என்று நான் அவசரமாகத் தூண்டிலை இறக்க, நண்பர் சிரித்தார்: "அது பின்னாடி போயாச்சுய்யா!"

திரையின் வலது ஓரம் மட்டும்தான் 'இப்போது'. இடப்பக்கம் முழுக்க நாம் கடந்து வந்தது. கருவி கீழே ஒலியை அனுப்பி, அது திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும் என்பதால் ஆழம் கிடைத்துவிடும். மீனின் காற்றுப்பையில் பட்டும் ஒலி திரும்பும். படகு நெருங்கும்போது தூரம் குறைந்து, விலகும்போது கூடுவதால்தான் அந்தப் பிறை. படகும் மீனும் அசையாமல் நின்றால் பிறையே வராது, நீளக் கோடுதான் வரும். இதையெல்லாம் படித்து மீன் எங்கே என்று முடிவு செய்வது ஆள்தான்.

ஆகவே 'மீன்காட்டி' போதும் என்கிறேன். திசைகாட்டி நமக்கு வழி கண்டுபிடித்துத் தருவதில்லையே, வடக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்த ஜப்பானில் இதன் பெயருக்கு 'மீன்கூட்டம் துப்பறியும் பொறி' என்று பொருள். அவர்கள் அப்படி வைத்தார்கள் என்பதற்காக நாமும் வைக்க வேண்டியதில்லை. 'மானி' என்று முடிப்பது ஆழத்தை மட்டும் அளக்கும் கருவிக்குச் சரி. அது 'ஆழமானி'யாகவே இருக்கட்டும்.

அடுத்து, மூழ்கிக் கிடக்கும் கப்பலுக்கு என்ன சொல் என்பது. 'கப்பற்சிதைவு' என்றால் விபத்துச் செய்தி படிப்பது போல இருக்கிறது. தூண்டில்காரருக்கு அது மீன் தங்கும் இடம். நம் கடற்கரையில் கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்கிறார்கள். தூத்துக்குடிக்கு வெளியே முத்துப்பார்கள் உண்டு. வெறும் மணலுக்கு நடுவே கிடக்கும் இரும்புக்கூடும் மீனுக்கு ஒரு பார்தான். எனவே 'கப்பல்பார்'. புணர்ச்சி பார்ப்பவர்கள் 'கப்பற்பார்' என்று எழுதிக்கொள்ளலாம், சண்டை இல்லை. 'பார்' என்றதும் மதுக்கடை நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வீர்கள். வரட்டும், அங்கேயும் கூட்டம்தான்.

கயாக்கை அப்படியே விட்டுவிடலாம். 'துடுப்புப்படகு' என்றால் எந்தப் படகு என்றே தெரியாது.

கயாக்கின் அடியில் மாட்டும், ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் அந்தச் சின்ன வட்டுக்குத்தான் எனக்குச் சொல் அகப்படவில்லை. 'ஆற்றல்மாற்றி' என்கிறது பாடநூல். மின்வாரியத்துப் பெட்டி போல ஒலிக்கிறது. வேறு யோசனை இருந்தால் அனுப்புங்கள்.