ஸ்பெயினில் ஏழு தாள்கள் தேறிவிட்டன. மீதியை ஹங்கேரியில் எழுதலாமா?

கேள்வி:
வணக்கம். இந்திய விமானப் போக்குவரத்து ஆணையமான டிஜிசிஏ வழங்கிய வணிக விமானி உரிமமும் (சிபிஎல்), பல எஞ்சின் ஐஆர் தகுதியும் (கருவிகளைக் கொண்டே விமானம் ஓட்டும் தகுதி) என்னிடம் உள்ளன. மொத்தப் பறப்பு 214 மணி நேரம். இதை இயாசா (ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமை) உரிமமாக மாற்றுவதற்காக ஸ்பெயினில் கிளாஸ் 1 மெடிக்கல் (வணிக விமானிக்கான மருத்துவச் சான்று) முடித்து, 2025 மார்ச் 10 அன்று முதல் தாளை எழுதினேன். பதின்மூன்று தாள்களில் ஏழு தேறிவிட்டன. வானிலையியலில் மட்டும் முதல் முறை 71, மறுமுறை 73. தேர்ச்சிக்கு 75 விழுக்காடு வேண்டும். "இந்திய உரிமம் இருக்கிறதே, இரண்டே மாதத்தில் முடிந்துவிடும்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்ட பள்ளி, இப்போது ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் கேட்கிறது. ஹங்கேரியில் செலவு குறைவு என்பதால் அங்கே மாறினால், தேறிய தாள்கள் செல்லுமா? மெடிக்கலும் வீணாகுமா?

பதில் 1:
தம்பி, அவசரப்பட்டு மாறிவிடாதீர்கள். எழுத்துத் தேர்வுகள் முழுவதையும் ஒரே உறுப்பு நாட்டின் ஆணையத்தின் கீழ்தான் எழுதி முடிக்க வேண்டும் என்பது விதி; ஹங்கேரியில் தொடங்கினால் தேறிய அந்த ஏழு தாள்களையும் மறந்துவிட வேண்டியதுதான். முதல் தாள் எழுதிய மாதத்தின் கடைசி நாளிலிருந்து 18 மாதம் கணக்கிடுவார்கள். ஆகவே உங்களுக்கு 2026 செப்டம்பர் 30 வரை அவகாசம் உண்டு. ஒரு தாளுக்கு நான்கு வாய்ப்புகளே. வானிலையியலில் இரண்டு போய்விட்டன. நான்காவதிலும் தவறினால் தேறியவை உட்பட எல்லாவற்றையும் மீண்டும் எழுத நேரிடும் என்பதால், அதற்கு மட்டும் நன்றாகத் தயாராகிவிட்டு உட்காருங்கள்.

மெடிக்கல் வீணாகாது, எல்லா உறுப்பு நாடுகளிலும் அது செல்லும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் நாட்டோடு கட்டிப்போடப்பட்டிருப்பது தேர்வுதானே தவிர, பறப்புப் பயிற்சி அல்ல. ஸ்பெயினில் தாள்களை முடித்துவிட்டு, விமானப் பயிற்சியை ஹங்கேரியில் அங்கீகாரம் பெற்ற ஒரு பள்ளியில் எடுத்துக்கொள்ளலாம். ஸ்கில் டெஸ்ட்டுக்கு (பறந்து காட்டும் தேர்வு) முன், அதை நடத்தும் தேர்வாளர் பற்றி ஸ்பெயின் ஆணையத்திடம் கேட்டு உறுதிசெய்துகொண்டால் போதும். பெரும் செலவு பறப்பில்தான் இருக்கிறது, மிச்சமும் அங்கேதான் கிடைக்கும். எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும் என்பதைப் பள்ளி உங்கள் லாக்புக்கை (பறப்புப் பதிவேடு) பார்த்துப் பரிந்துரைக்கும். எனவே பிஐசி (விமானத்தின் பொறுப்பு விமானியாகப் பறந்த நேரம்), குறுக்குநாட்டுப் பறப்பு, இரவுப் பறப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகைகளைப் பக்கத்துக்குப் பக்கம் சரிபார்த்து வையுங்கள். என்னுடையதில் இரவு நேரக் கூட்டலில் இருந்த ஒரு பிழை மூன்று வாரத்தைத் தின்றது. பல விமானிகள் ஓட்டும் விமானத்துக்கான முதல் டைப் ரேட்டிங்குக்கு (குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதி) முன் எம்சிசியும் (விமானிகள் இணைந்து செயல்படும் பயிற்சி), குறைந்தது மூன்று மணி நேரப் பறப்புடன் கூடிய யூபிஆர்டி (நிலைகுலையும் விமானத்தை மீட்கும்) பயிற்சியும் தேவைப்படும்; அவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

இன்னொன்று: உரிமம் வேறு, வேலை செய்யும் உரிமை வேறு. ஐரோப்பிய நிறுவனங்கள் பலவற்றின் விளம்பரங்களில், அங்கே கட்டுப்பாடின்றி வசித்துப் பணியாற்றும் உரிமை இருக்க வேண்டும் என்ற வரியைக் காணலாம். விண்ணப்பப் படிவம் பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும். உங்களிடம் அது உண்டா?

கேட்டவர்:
இல்லை ஐயா, மாணவர் விசாவில்தான் இருக்கிறேன்; பள்ளியில் எவரும் இதைச் சொல்லவில்லை. பிரிட்டனில் முயலலாமா?

பதில் 2:
2020 டிசம்பர் 31 முதல் பிரிட்டன் இயாசாவில் இல்லை. அங்கே தனி உரிமம், தனி விசா. இந்தத் தாள்களை நம்பிப் போக முடியாது. எல்லாத் தாள்களையும் தேறி முடித்த நாளிலிருந்து 36 மாதத்துக்கு, சிபிஎல், ஐஆர் பெற அவை செல்லுபடியாகும். முதலில் தாள்களை முடித்துவிட்டு, பறப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள்.

கேட்டவர்:
நன்றி. ஸ்பெயினிலேயே எழுதுகிறேன். அடுத்த அமர்வில் வானிலையியலை விட்டுவிட்டு மற்ற ஐந்துக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.