தானியேல் 5: பெல்ஷாத்சார் கொடுத்தது சரப்பணியா, காறையா?

பனையோலை:
சுவரில் தோன்றிய எழுத்தை வாசிப்பவனுக்கு இரத்தாம்பரம் (அரசவைச் செவ்வாடை), கழுத்துக்குப் பொற்சரப்பணி, ராஜ்யத்தில் மூன்றாம் இடம் என்று பாபிலோன் அரசன் பெல்ஷாத்சார் அறிவிக்கிறான். நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு 'சரப்பணி' என்று சொல்லும் இடத்தில் அரமேய மூலத்தில் இருப்பது 'ஹம்னீகா'. வேதாகமம் முழுவதிலும் இச்சொல் இந்த ஓர் அதிகாரத்தில்தான், 7, 16, 29 ஆகிய வசனங்களில் வருகிறது. சரப்பணி என்றவுடன் கண்ணி கண்ணியாகக் கோத்து மார்பில் தொங்கும் சங்கிலிதான் நம் மனத்தில் எழுகிறது. ஹம்னீகா அதுவல்ல என்பது என் உறுதியான கருத்து. அது கழுத்தைச் சுற்றி விறைப்பாக நிற்கும் பொன் வளையம். தமிழில் அதற்குக் காறை என்ற அருமையான சொல் இருக்கிறது. பெரியாழ்வார் "காறை பூணும் கண்ணாடி காணும்" என்று பாடியது அதைத்தான்.

தாமிரபரணி வாசகி:
வசனத்தில் வடிவம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே, ஐயா. பொன்னால் ஆனது, கழுத்தில் அணிவது, அவ்வளவுதான். விறைப்பாக நின்றதா, தொங்கியதா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? ஆதியாகமம் 41:42-இல் பார்வோன் யோசேப்புக்குப் போட்டதும் நம் வேதாகமத்தில் பொன் சரப்பணிதான். இரண்டும் அந்நிய அரசன் எபிரெயர் ஒருவரை உயர்த்தும் காட்சிகள்: அங்கே இளைஞன் யோசேப்பு, இங்கே எழுத்தை வாசித்த முதியவர் தானியேல். வாசிப்பவர் ஒன்றைக் கேட்டதும் மற்றொன்றை நினைக்க வேண்டும். அந்த இணைப்பை ஏன் அறுக்க வேண்டும்?

பனையோலை:
யோசேப்பின் கதையில் இருப்பது எபிரெயச் சொல், 'ராவீத்'. அதே சொல் எசேக்கியேல் 16:11-இல் எருசலேமைப் பெண்ணாக உருவகித்து அலங்கரிக்கும் இடத்திலும் வருகிறது. பெண்கள் அணியும் நகைக்கும் பொருந்தும் பொதுச்சொல் அது. ஹம்னீகா அப்படிப்பட்டதல்ல. அது பாரசீகத்திலிருந்து அரமேயத்துக்கு வந்த அரசவைச் சொல். கிரேக்கத்தில் 'மனியாக்கேஸ்' என்று வழங்குவதும் இதுவே. கால்லியர்கள் (ஐரோப்பாவின் பண்டைய கெல்ட் மக்கள்) கழுத்தில் அணிந்த பொன் வளையத்துக்கு கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் அச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். எஸ்திராவின் கிரேக்க நூலில், பாரசீக அரசன் தரியுவின் காவலர்கள் மூவர் போட்டியிடும் கதையிலும், வெல்பவனுக்கு இரத்தாம்பரத்தோடு மனியாக்கேஸ் தரப்படும் என்கிறார்கள். இரத்தாம்பரமும் கழுத்து வளையமும் சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள். அவை இரண்டும் சேர்ந்தால்தான் பதவியின் அடையாளம்.

ஏட்டுச்சுவடி:
சொல்லின் பிறப்பைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய ஈரானியத்தில் 'ஹம்யான' என்றால் அரைக்கச்சை. இன்றைய பாரசீகத்திலும் 'ஹம்யான்' என்பது இடுப்பில் கட்டும் பணப்பை. அதன் சிறுமை வடிவமே ஹம்னீகா என்பது ஒரு கருத்து. கழுத்தைக் குறிக்கும் ஈரானியச் சொல்லோடு மனியாக்கேஸைச் சேர்ப்பது மற்றொன்று. இதைப் படித்ததும் நம்மவர்கள் 'மணி'யிலிருந்து வந்தது என்று கிளம்பிவிடுவார்கள். முதலில் நிற்கும் 'ஹ' எங்கிருந்து வந்தது என்று விளக்காமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. யூத அறிஞர்கள் பேணிவந்த மூலப் பாடமான மசோரேத்துப் பிரதியிலேயே இச்சொல்லின் எழுத்து ஒரு விதம், வாசிப்பு வேறு விதம். படியெடுத்தவர்களுக்கே அது பழக்கமான உள்ளூர்ச் சொல்லாக இருந்திருக்காது.

தாமிரபரணி வாசகி:
அப்படியானால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. விருந்து நடப்பது பாபிலோனில். கி.மு. 539-இல் நகரம் பாரசீகர் கைக்குப் போன அதே இரவு. கல்தேய (பாபிலோனிய) அரசவையில் பாரசீகக் காறை எப்படி வந்தது? பாரசீகர்களின் பழக்கத்தைப் பாபிலோனியன் கழுத்தில் மாட்டுகிறீர்கள்.

பனையோலை:
நான் மாட்டவில்லை, நூலின் மொழி மாட்டுகிறது. சத்ராப்பை (மாகாண ஆளுநரை) குறிக்கும் சொல், சட்டத்தைக் குறிக்கும் 'தாத்', இரகசியத்தைக் குறிக்கும் 'ராஸ்' எல்லாமே தானியேலின் அரமேயத்தில் உள்ள பாரசீகச் சொற்கள். இவற்றை வைத்து நூலின் காலத்தைப் பிந்தையது என்று சொல்பவர்களும், இவை பழைய பாரசீகச் சொற்கள் என்பதால் காலம் முந்தையது என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. எழுதியவர் எந்தக் காலத்தவரானாலும், அவர் தேர்ந்தெடுத்த சொல் பாரசீக அரசவையின் பரிசைத்தான் அவருடைய வாசகர்களுக்குக் காட்டியது.

அந்தப் பரிசின் தோற்றத்தை நேரில் பார்க்க முடியும். 1901-இல் பாரசீகத் தலைநகரங்களுள் ஒன்றான சூசாவில் பிரெஞ்சு அகழ்வாளர் ழாக் த மோர்கன் தோண்டியெடுத்த கல்லறையில், வெண்கலப் பேழைக்குள் கிடந்த உடலோடு ஒரு பொன் வளையம் கிடைத்தது. இரண்டு முனைகளிலும் சிங்கத் தலைகள். ஒன்றையொன்று பார்த்தபடி முன்கழுத்தில் நிற்கும். லாபிஸ் லாசுலி என்னும் நீலக் கல்லும் டர்க்காய்ஸ் என்னும் பச்சைநீலக் கல்லும் பதித்த வேலைப்பாடு. இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு கண்ணிகூட இல்லை, சகோதரி.

தாமிரபரணி வாசகி:
அந்தக் கல்லறை கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெல்ஷாத்சாருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிந்தியது.

ஏட்டுச்சுவடி:
கிரேக்க வரலாற்றாசிரியர் எரோதோத்தஸ் அந்தக் கல்லறைக்கு முந்தியவர். பாரசீக அரசன் காம்பீசஸ் எத்தியோப்பிய அரசனுக்கு அனுப்பிய பரிசுகளில் இரத்தாம்பரமும் முறுக்கிய பொன் கழுத்தணியும் கைவளைகளும் இருந்தன என்று எழுதுகிறார். அந்த அரசன் அவற்றை விலங்கு என்று நினைத்துச் சிரித்து, எங்களிடம் இதைவிட உறுதியான விலங்குகள் இருக்கின்றன என்றானாம். தொங்கும் நகையைப் பார்த்து அந்த எண்ணம் வருமா?

தாமிரபரணி வாசகி:
ஏன் வராது? சங்கிலியும் விலங்குதானே! அந்தச் சான்று இரு பக்கமும் வெட்டுகிறது. இதையும் பாருங்கள்: மோசேயின் நூல்களின் பழைய அரமேய மொழிபெயர்ப்பான ஒன்கெலோஸ் தர்கூமில் யோசேப்பின் கழுத்தணியை அரமேயத்தில் 'மனீகா' என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள். அரமேயம் பேசிய யூதர்களுக்கே ராவீத்தும் ஹம்னீகாவும் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. அவர்கள் போட்ட பாலத்தைத்தான் நம் முன்னோரும் சரப்பணி என்ற ஒரே சொல்லால் போட்டார்கள். மேலும், இன்று காறை என்றால் எத்தனை பேருக்குப் புரியும்?

பனையோலை:
தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் எலும்பைக் காறை எலும்பு என்றுதானே தமிழில் சொல்கிறோம்? சொல் சாகவில்லை. தர்கூம் பற்றி நீங்கள் சொன்னது வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது காட்டுவது என்ன? யோசேப்பின் நகையையும் அவர்கள் பதவிச் சின்னமாகவே, காறையாகவே வாசித்தார்கள். பாலம் வேண்டுமானால் இரண்டு இடத்திலும் காறை என்று போடலாமே.

தாமிரபரணி வாசகி:
தானியேலில் அடிக்குறிப்பாகப் போடுங்கள், வரவேற்கிறேன். ஆதியாகமத்தைத் தொடாதீர்கள். எகிப்தில் பாரசீகக் காறைக்கு வேலையில்லை. அங்கே அரசன் கொடுத்த கௌரவம் பொன்மணிகளை நெருக்கமாகக் கோத்த கழுத்தணி. அதற்குச் சரப்பணி மிகப் பொருத்தமான சொல்.