மறதி நோய் உள்ள அம்மாயிக்குப் பாட்டு: எதைப் போடுவது, எவ்வளவு நேரம்?

நாகலூர்_காபி:
அம்மாயி 1947-ல் பிறந்தவர். அல்சைமருக்கு மாத்திரை ஓடுகிறது. வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். சாயங்காலம் நாலரை ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடை. குளிக்க வைப்பது பெரும்பாடு. யூடியூபில் காலையிலிருந்து ராத்திரி வரை பக்திப் பாட்டு ஓடவிட்டோம். முதலில் கேட்டார், இப்போது "நிறுத்து" என்று எரிந்து விழுகிறார். நீலாம்பரி ராகம் போட்டால் தூக்கம் வரும் என்கிறார்கள். எதைப் போடலாம்? நினைவு திரும்புமா?

முதியோர்_செவிலி:
நினைவு திரும்பாதுங்க. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2018-ல் வெளியிட்ட தொகுப்புப்படி, குறைந்தது ஐந்து அமர்வு இசைச் சிகிச்சை கொடுத்தால் மனச்சோர்வு குறைகிறது. அறிவுத்திறனில் மாற்றம் அனேகமாக இல்லை. அலைச்சலுக்கும் சராசரியாகப் பெரிய பலன் தெரியவில்லை. அதனால் உங்கள் அம்மாயிக்கு எந்தப் பாட்டு ஒத்துவருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுக்கணும்.

அல்சைமர் ஆரம்பத்திலேயே தாக்குவது புது நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸை. நெடுநாள் பழகிய பாட்டில் அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகளுக்கும் பங்கு உண்டு. அவை நோய் முற்றிய பிறகும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பேத்தி பெயர் வராதவர் பாட்டின் அடுத்த அடியைப் பாடிவிடுவது இதனால்தான்.

பெரும்பாலும் 10 முதல் 25 வயதுக்குள் கேட்டதுதான் ஆழமாக நிற்கும். அம்மாயிக்கு அது 1957–1972. விவித் பாரதி வானொலி தொடங்கியதே 1957 அக்டோபரில். இலங்கை வானொலி கேட்ட காலம், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எடுத்த காலம். அங்கிருந்து தேடுங்க, ரீமிக்ஸ் வேண்டவே வேண்டாம். வாயால் பாடிய பாட்டுகளையும் விட்டுடாதீங்க: கும்மி, நலங்கு, தாலாட்டு, ஆடியில் மாரியம்மனுக்குப் பாடியது. அவர் பாடிய அதே மெட்டு யூடியூபில் கிடைப்பது அரிது. அம்மாயியின் தங்கையோ நாத்தனாரோ இருந்தால் பாடச் சொல்லிப் பதிவு செய்துக்குங்க.

ஒரு நோட்டுப் போடுங்க. ஒரு வேளைக்கு மூன்று பாட்டுக்கு மேல் சோதிக்க வேண்டாம். உதடு அசைந்தால், விரல் தாளம் போட்டால் வைத்துக்கொள்ளலாம். முந்தானையைப் பிசைந்தால், எழுந்து நடந்தால் நீக்கிடுங்க. 12, 15 பாட்டு தேறினாலே போதும்.

நாலரைக்கு அலைச்சல் என்றால் நாலு மணிக்கே போடணும். பதற்றம் ஏறிய பிறகு எதைப் போட்டாலும் இரைச்சல்தான். 20 முதல் 30 நிமிடம், அப்புறம் நிறுத்திடுங்க. குக்கர் சத்தம், பேச்சு, பாட்டு எல்லாவற்றையும் பிரித்துக் கேட்கும் சக்தி இந்த நோயில் குறைந்துவிடும். நாள் முழுக்க ஓடினால் களைப்பும் எரிச்சலும் வரத்தானே செய்யும்?

சுருதிப்பெட்டி:
நீலாம்பரியைத் தாலாட்டு ராகம் என்பது நம் மரபு. ஆனால் கர்நாடக இசை கேட்டுப் பழகாதவருக்கு அது ஏதோ ஒரு தெரியாத ஓசை. பழக்கம்தான் முதலில், ராகம் அப்புறம். தூங்கப்போகும்முன் வேகத்தைப் பாருங்கள்: 15 விநாடிக்கு 15 முதல் 20 தட்டு, பம்பை, தவில் அடி இல்லாமல்.

யூடியூபை நிறுத்துங்கள். நடுவில் புகும் விளம்பரக் குரல், வீட்டுக்குள் யாரோ வந்துவிட்டதாக அவரை மிரட்டலாம். மலைமேல் சிக்னல் போனால் பாட்டும் பாதியில் நிற்கும். பென் டிரைவில் ஏற்றி, போனைவிடப் பெரிய ஸ்பீக்கரில் போடுங்கள். வயதானால் கீச்சென்ற உயர் சுருதி ஒலிகள் முதலில் கேட்காமல் போகும். அதற்காகச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். மெல்லியது கேட்காத அதே காது, பெரிய சத்தத்தைத் தாங்காது. ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே, ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசினால் அவருக்குக் கேட்க வேண்டும், அதுதான் அளவு. இதற்கெல்லாம் முன்பு காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நாகலூர்_காபி:
நன்றிங்க. குளியலுக்கு என்ன செய்வது? சில பாட்டுக்கு அழுகிறார்.

முதியோர்_செவிலி:
குளியலுக்கு ஒரே பாட்டை ஒதுக்குங்க, வேறு நேரம் அதைப் போடாதீங்க. துண்டை எடுக்கும்போதே தொடங்கி, தாளத்துக்கு ஒரு எட்டு என்று கைபிடித்து நடத்துங்க. குளியலறைக்குள் ஸ்பீக்கர் வேண்டாம். டைல்ஸ் சுவரில் எதிரொலித்துச் சொல் கலங்கும். உள்ளே நீங்களே பாடுங்க. சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை, முகம் பார்த்து மெதுவாகப் பாடினால் போதும்.

அழுகிறார் என்பதற்காகவே உடனே நிறுத்த வேண்டாம். கண்ணீரோடு பாடினால், உங்கள் கையைப் பிடித்தால் கூடவே உட்காருங்க. மூச்சு வாங்கினால், யாரையோ தேடி எழுந்தால் அந்தப் பாட்டு பட்டியலிலிருந்து போகட்டும்.

ஒன்று முக்கியம். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீங்க. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுதல், புது மாத்திரை ஏதாவது காரணமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டணும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வரவேண்டிய வழி, இருட்டும் முன்பே கிளம்பிடுங்க.