‘பேசிக் ரிப்ரொடக்சன் நம்பர்’: ‘இனப்பெருக்க எண்’ணைக் கைவிடலாம்

அன்புடையீர்,

‘ரிப்ரொடக்சன்’ என்னும் சொல் வரும் இடமெல்லாம் ஒரே தமிழ் வேர் வரவேண்டும் என்றும், ‘புரொடக்சன்’ உற்பத்தி என்றால் மற்றது ‘மறுவுற்பத்தி’ ஆகட்டும் என்றும் இவ்விழையில் முன்மொழியப்பட்டுள்ளது. ஒழுங்கை விரும்புவோருக்கு இது உவப்பாகவே இருக்கும். ஆயினும் அச்சொல் ஐரோப்பிய மொழிகளிலேயே ஒரே பொருளில் நின்றதில்லை. எனவே, ஒரு நோயாளியிடமிருந்து எத்தனை பேருக்கு நோய் தொற்றும் என்று சொல்லும் ‘பேசிக் ரிப்ரொடக்சன் நம்பர்’ உட்பட எதிலும், ‘ரி’ என்னும் முன்னொட்டைப் பெயர்ப்பதற்கு முன், அந்தந்தத் துறையில் எது மீண்டும் உண்டாகிறது என்று கேட்டுக்கொள்வதே முறை.

1712இல் பிரெஞ்சு இயற்கையாளர் ரேமியூர், கிரேஃபிஷ் என்னும் நன்னீர் உயிரியின் ஒடிந்த கால்கள் திரும்ப முளைப்பதை ஆய்ந்து எழுதியபோது, அம்முளைப்பையே ‘ரிப்ரொடக்சன்’ என்றார். 1740களில் திராம்பிளே என்னும் இயற்கையாளர் ஹைட்ரா என்னும் சிறு நன்னீர் உயிரியை வெட்டி, துண்டுகள் ஒவ்வொன்றும் முழு உயிராவதைக் காட்டினார். உறுப்பு வளர்வதும் புது உயிர் தோன்றுவதும் அங்கே ஒன்றாகிவிட்டன. 1749இல் வெளிவரத் தொடங்கிய தம் இயற்கை வரலாற்று நூலில் பிரெஞ்சு இயற்கையாளர் புஃபோன், உயிர்கள் தம்மைப் போன்றவற்றை ஈனுவதற்கு இச்சொல்லை ஆள, அதுவரை ‘ஜெனரேஷன்’ (பிறப்பித்தல் என்னும் பொருளில்) இருந்த இடத்தை இது மெல்லப் பிடித்துக்கொண்டது. ரேமியூர் கண்டதற்கு நெருங்கிய சொல் நம் உழவரிடம் உண்டு: அறுத்த கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் கரும்பையும் நெல்லையும் அவர்கள் ‘மறுதாம்பு’ என்பார்கள். அங்கே ‘மறு’ கச்சிதமாகப் பொருந்துகிறது. கன்று ஈனுவதில் மறு ஏதும் இல்லை. பிறப்பது வேறோர் உயிர். தமிழகப் பாடநூல்கள் ‘பாலிலா’ என்றும் இலங்கைப் பாடநூல்கள் ‘இலிங்கமில்’ என்றும் அடைமொழியில் பிரிந்தாலும், இரண்டும் ‘இனப்பெருக்கம்’ என்பதில் ஒன்றுபட்டிருப்பது தற்செயல் அன்று என்றே கருதுகிறேன்.

மார்க்சியப் பொருளியலில், உற்பத்திச் சுற்று தன்னை மீண்டும் மீண்டும் நிகழ்த்திக்கொள்வதால் ‘மறுவுற்பத்தி’ சரியே. ஓவியத்துக்கும் கல்வெட்டுக்கும் ‘படி’ இருக்கிறது. மைப்படி எடுப்போரிடம் போய் மறுவுற்பத்தி செய்யுங்கள் என்றால் சிரிப்பார்கள்.

சிக்கலாக இருப்பது தொற்றுநோயியலின் ‘பேசிக் ரிப்ரொடக்சன் நம்பர்’, அதாவது ‘ஆர்-நாட்’. இதன் மூலம் மக்கள்தொகையியல். 1925இல் மக்கள்தொகை ஆய்வாளர்களான லூயி டப்ளினும் ஆல்ஃபிரட் லோட்காவும் இக்குறியீட்டை ஆண்டது, ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை மகள்களைப் பெறுவாள் என்பதற்காக. ஆங்கே ‘நிகர இனப்பெருக்க வீதம்’ என்பது பழுதில்லாத தமிழ். 1952இல் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்ட், மகள்களின் இடத்தில் நோயாளிகளை வைத்து, எவருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத மக்கள்திரளில் ஒரு நோயாளியிடமிருந்து எத்தனை புது நோயாளிகள் உருவாவர் என்று கேட்டார். கொரோனா காலத்தில் இதை நாம் ‘அடிப்படை இனப்பெருக்க எண்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். படிப்பவர் இதைக் கிருமி உடலுக்குள் பல்கும் அளவு என்றே கொள்வார். உண்மையில் இந்த எண் ஆட்களைத்தான் எண்ணுகிறது. ஒரே உடலில் கிருமி எத்தனை கோடியாகப் பெருகினாலும், அது அடுத்தவரைத் தொடாதவரை இந்த எண்ணில் ஏறாது.

மாற்றாக வந்துள்ள ‘பரவல் வேகம்’ இதைவிடப் பிழையானது. இந்த எண்ணுக்குள் காலம் இல்லை. எச்.ஐ.வி.க்குக் கணிக்கப்படும் எண், ஒன்றைச் சற்றே தாண்டும் பருவகால இன்ஃபுளுவென்சாவின் எண்ணைவிடப் பெரியது. ஆனால் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் செல்ல முன்னது ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்ள, பின்னது சில நாள்களில் ஊரை வளைத்துவிடுகிறது. மெக்டொனால்ட் ‘ரேட்’ என்றே எழுதினார். காலக்கூறு இல்லை என்பதால்தான் பின்வந்தோர் ‘நம்பர்’ என்றும் ‘ரேஷியோ’ என்றும் மாற்றினர். அவர்கள் களைந்த பிழையை நாம் ‘வேகம்’, ‘வீதம்’ என்று திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை.

ஆகவே என் முன்மொழிவு ‘தலைமுறைப் பெருக்கெண்’. முதல் ஆட்சிக்குப் பின் ‘பெருக்கெண்’ என்றே சுருக்கலாம். எண் 3 என்றால் ஒரு நோயாளியின் வழியே அடுத்த தலைமுறையில் 3 பேர், அதற்கடுத்து 9 பேர், பின்னர் 27 பேர் எனப் பெருக்கல் கண்ணெதிரே நிகழ்கிறது. கணக்குப் பாடத்தின் பெருக்கும் எண்ணோடு குழம்பும் என்ற தடை எழலாம். ஒவ்வொரு தலைமுறையையும் பெருக்கும் எண்ணாகவே இது செயல்படுவதால், அந்த நினைவு எழுவது நன்மையே. ‘தலைமுறை’ என்றதும் பாட்டன், பேரன் நினைவு வரும் என்பதை மறுக்கவில்லை. எனினும் ஒருவர் தொற்றுற்றதற்கும் அவரால் அடுத்தவர் தொற்றுறுவதற்கும் இடைப்பட்ட காலத்தைத் ‘தலைமுறை இடைவெளி’ என்று சொல்லப்போகிறோம் என்பதால், இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும். காலம் அங்கே, மடங்கு இங்கே என்று பிரிவினையும் தெளிவாகும்.

‘பேசிக்’ எண்ணை ‘அடிப்படைப் பெருக்கெண்’ என்றால், தடுப்பூசியும் பழைய தொற்றும் தந்த எதிர்ப்பாற்றலைக் கணக்கில் கொள்ளும் ‘எஃபெக்டிவ்’ எண்ணுக்கு ‘நடப்புப் பெருக்கெண்’ என்பேன். ‘எஃபெக்டிவ்’ என்பதைப் ‘பயனுறு’ என்று பெயர்த்தால் யாருக்குப் பயன் என்ற கேள்வி வரும். செய்தியில் எழுதும்போது, ‘தட்டம்மையின் அடிப்படைப் பெருக்கெண் 12 முதல் 18 வரை; தடுப்பூசி பரவலானால் நடப்புப் பெருக்கெண் 1க்குக் கீழே இறங்கி நோய் அடங்கும்’ என அமையும். இவ்வாக்கியத்தில் இடறும் சொல் எது என்று மருத்துவத் துறை அன்பர்கள் சுட்டினால், அதை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே பேசலாம்.