அண்டர்கட்: அடிவெட்டா, பக்க அரிப்பா? – பிசிபி கலைச்சொற்கள்

பொருள்: அண்டர்கட் – தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டிலேயே பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்வதற்கான கையேட்டில் செம்பை அரிக்கும் அத்தியாயம் ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது. கரைசலில் பலகை கிடக்கும்போது, டோனர் (லேசர் அச்சுத் தூள்) மூடிக் காக்கும் செம்பையும் அது ஓரத்திலிருந்து புகுந்து தின்கிறதே, அந்த அண்டர்கட்டுக்குத்தான் சொல் வேண்டும். வரைவில் இப்போதைக்கு 'அடிவெட்டு' என்று இருக்கிறது. கூடவே எட்சிங் = பொறித்தல், ரெசிஸ்ட் (டோனர்போல் செம்பைக் கரைசலிலிருந்து காக்கும் பூச்சு) = தடுப்பு, ஓவர் எட்சிங் (தேவைக்கு மேல் அரித்தல்) = அதிகப் பொறிப்பு.

'தடுப்பு' பற்றி ஒரு ஐயம் உண்டு. மின்தடை, தடையம் எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வருகிற நூலில் இதையும் வைத்தால் வாசகர் தடுமாறுவாரோ? சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர், வேதியியலைப் பள்ளியோடு விட்டவர் என்ற அளவில் வாசகரை வைத்துக்கொண்டு கருத்துச் சொல்லுங்கள்.

*

மறு: அண்டர்கட் – தமிழில் என்ன?

> அடிவெட்டு

வேண்டாம் ஐயா. சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நடப்பதற்கு நேர் எதிரான படத்தைக் காட்டுகிறது.

அரித்து முடித்த ஒரு செம்புக் கோட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சரிவகம் தெரியும். பலகையோடு ஒட்டியிருக்கும் அடிப்பக்கம் அகலம், டோனரைத் தொடும் மேல்பக்கம் குறுகல். கரைசல் மேலிருந்து இறங்குவதால் மேல் விளிம்புதான் அதிக நேரம் அதில் நனைகிறது; அதனால் அங்கேதான் இழப்பும் அதிகம். 'அடிவெட்டு' என்றால் செம்பின் அடி வெட்டுப்பட்டதாகத்தான் எவரும் படிப்பார். டோனருக்கு அடி என்பது நமக்குத் தெரியும், சொல்லில் அது இல்லை.

எவ்வளவு இழப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லைத் தேர இது உதவும். ஒரு அவுன்ஸ் செம்பு என்பது 35 மைக்ரான் தடிப்பு. தட்டில் ஊறவைத்து அரிக்கும்போது கரைசலுக்குத் திசை தெரியாது. கீழே 35 மைக்ரான் இறங்குவதற்குள் பக்கவாட்டிலும் ஏறத்தாழ அதே அளவு போகலாம். இரண்டு பக்கமும் சேர்த்து 70. அதாவது 0.25 மி.மீ. என்று வரைந்த கோட்டின் மேல்பக்கம் 0.18 மி.மீ. ஆகிவிடும். 0.8 மி.மீ. கோட்டில் இது யாருக்கும் தெரியாது. 0.2 மி.மீ. கோட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. அரை அவுன்ஸ் பலகை (17.5 மைக்ரான்) வாங்கினால் இழப்பும் பாதியாகும். மெல்லிய கோடு வேண்டுமென்றால் முதலில் மாற்ற வேண்டியது பலகையைத்தான், கரைசலை அல்ல.

நிகழ்வின் திசை பக்கவாட்டு. ஆகவே என் பரிந்துரை: பக்க அரிப்பு. இறங்கிய ஆழத்தை ஒரு பக்கத்து அரிப்பால் வகுத்தால் வருவது எட்ச் ஃபேக்டர். அதற்கு 'அரிப்பு விகிதம்' பொருந்தும். அசையாத தட்டில் அது 1-ஐ ஒட்டி நிற்கும், கரைசலைச் செங்குத்தாகப் பீய்ச்சும் தொழிற்சாலை இயந்திரத்தில் 2, 3 என்று உயரும்.

*

மறு: அண்டர்கட் – தமிழில் என்ன?

பக்க அரிப்புக்கு என் வாக்கும். ஆனால் அப்படியானால் எட்சிங்கைப் 'பொறித்தல்' என்று வைத்துக்கொண்டு இதை மட்டும் 'அரிப்பு' என்பது ஒட்டாது. அதையும் மாற்றுங்கள்.

பொறிப்பது என்றால் கல்லிலும் செப்பேட்டிலும் எழுத்தைக் குழித்து எடுப்பது, குழிதான் செய்தி. இங்கே எஞ்சி நிற்பதுதான் சுற்று, போவது குப்பை. 'அரித்தல்' மிகச் சரி. பாடநூல்கள் துருப்பிடிக்கிற வகைக் கேட்டை 'அரிமானம்' என்று பிரித்து வைத்திருப்பதால் அதோடும் மோதாது. தோல் அரிப்பு நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வார்கள். பெர்ரிக் குளோரைடைக் கையுறை இல்லாமல் தொட்டால் அதுவும் வரும், விடுங்கள்.

எட்சண்ட் என்பதற்கு 'அரிகரைசல்'. பெர்ரிக் குளோரைடு, சோடியம் பெர்சல்பேட் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கலாம்.

*

மறு: ரெசிஸ்ட்

'தடுப்பு' பற்றிய ஐயம் நியாயமானது. 'அரிகாப்பு' என்று வைக்கலாம். அரியாமல் காப்பது. சின்னச் சொல், அரிகரைசலோடு இணையாகவும் நிற்கிறது.

'காப்புப் பூச்சு' என்று நீட்ட வேண்டாம். முடிந்த பலகைமேல் ஈரம் தாக்காமல் பூசுகிற அரக்குக்கு அந்தப் பெயர் வேண்டியிருக்கும். அதே காரணத்தால் 'மறைப்பு' என்பதையும் விட்டுவையுங்கள். பற்றவைக்காத இடங்களை மூடும் சால்டர் மாஸ்க்குக்கு அதுதான் தேவைப்படும். அரிகாப்பு அரித்து முடிந்ததும் துடைத்தெறிவது, சால்டர் மாஸ்க் பலகையோடு கடைசிவரை இருப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், செம்பின்மேல் டோனரை விட்டுவிட்டுப் பற்றவைக்கப் போகிறவர் கட்டாயம் ஒருவராவது இருப்பார்.

அரிகாப்பின் வகைகளை இப்படிச் சொல்லலாம்:

டோனர் அரிகாப்பு. லேசர் அச்சு மட்டுமே. டோனர் என்பது உருகும் பிளாஸ்டிக் தூள் என்பதால்தான் தேய்ப்புப்பெட்டிச் சூட்டில் செம்பில் ஒட்டுகிறது. இங்க்ஜெட் மை ஒட்டாது.

படல அரிகாப்பு. டிரை ஃபிலிம் என்கிற நீலப் படலம். இரண்டு பக்கமும் பாதுகாப்புத் தாள் இருக்கும். ஒட்டும் முன் உள்பக்கத்தது போக வேண்டும், புற ஊதா ஒளி காட்டிய பிறகு வெளிப்பக்கத்தது. இரண்டாவதை உரிக்க மறந்துவிட்டு 'துலங்கவே (டெவலப் ஆகவே) இல்லை' என்று தேய்த்துக்கொண்டிருப்பது வழக்கமான கூத்து. ஒளி பட்ட இடம் கெட்டியாகி நிற்கும், படாத இடம் கரையும். துலக்க, லிட்டருக்கு 10 கிராம் சலவைச் சோடா போதும். சமையல் சோடா அல்ல. டெவலப்பருக்குத் 'துலக்கி' என்று வைத்துவிடலாம். அரித்த பின் படலத்தை எடுக்க 2 முதல் 3 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு. இங்கே பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

பேனா அரிகாப்பு. நிரந்தர மார்க்கர். தனியே நம்ப முடியாது, டோனரில் விட்டுப்போன இடத்தைத் தொட்டு அடைக்க நல்லது.

*

மறு: ஓவர் எட்சிங்

> அதிகப் பொறிப்பு

'மிகையரிப்பு' என்று மாற்றினால் போதும், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கையேட்டில் பக்க அரிப்பு, மிகையரிப்பு, அரிகாப்பு பழுது ஆகிய மூன்றையும் ஒரே பத்தியில் 'கோடு அரித்துப் போதல்' என்று குழைத்திருக்கிறீர்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. சொற்களை வகுக்கும்போதே அடையாளத்தையும் வகுத்துவிட வேண்டும்.

டோனரை அசிட்டோனால் துடைத்துவிட்டு 10 மடங்கு லூப்பில் (உருப்பெருக்கியில்) பாருங்கள்.

கோட்டின் நடுவில் ஊசி குத்தியதுபோல் புள்ளிப் புள்ளியாகக் குழி, ஆனால் அகலம் குறையவில்லை என்றால் அது ஊசித்துளை. டோனர் அடர்த்தி போதவில்லை. பெரிய நிரப்புப் பகுதிகளில்தான் இது அதிகம், காரணம் பல அச்சுப்பொறிகள் அகன்ற கறுப்பின் நடுவில் தூளை மெலிதாகப் போடும். சிக்கன அச்சு முறையை அணைத்து, அடர்த்தியை உச்சத்தில் வையுங்கள்.

விளிம்பு ஒழுங்கில்லாமல் கடித்த மாதிரி இருந்தால் அரிகாப்பு தூக்கிக்கொண்டது. கைரேகை எண்ணெய் அல்லது சூடு போதாமை. நுண் எஃகு நாரால் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, அதன்பிறகு செம்பை விரலால் தொடாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

விளிம்பு நேராகவே இருக்கிறது, ஆனால் எல்லாக் கோடும் இரு பக்கமும் ஒரே அளவில் இளைத்திருக்கிறது என்றால் பக்க அரிப்பு. இது பழுதே அல்ல, செய்முறையின் இயல்பு. வரையும்போதே ஈடுகட்ட வேண்டும்: 0.3 வேண்டுமென்றால் 0.35 வரையுங்கள்.

பலகையின் ஓரத்தில் இருக்கும் கோடுகள் மெலிந்தோ காணாமலோ போய், நடுவில் இருப்பவை நன்றாக இருந்தால் மிகையரிப்பு. அசையாத தட்டில் ஓரம் முதலில் முடியும், அகன்ற வெற்றிடத்தின் நடு கடைசியில் முடியும். அந்த நடுவுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் ஓரத்துக் கோடுகள் தேய்ந்துகொண்டிருக்கும். தட்டை ஆட்டிக்கொண்டே இருப்பதால் பக்க அரிப்பு ஒழியாது. பலகை முழுவதும் ஒரே நேரத்தில் முடியும், அதனால் மிகையரிப்பு குறையும். இந்த ஒரு வாக்கியத்தை எழுதவே இரண்டு சொல் வேண்டும்.

எப்போது எடுப்பது என்பதற்கும் ஒரு குறிப்பு சேருங்கள். பெர்ரிக் குளோரைடு கறுத்த பழுப்பு, உள்ளே எதுவும் தெரியாது. பலகையை வெளியே எடுத்து அலசி, பின்னால் விளக்கைப் பிடியுங்கள். கண்ணாடியிழைப் பலகை ஒளியை விடும். செம்பு போன இடம் இளம்பச்சையாக ஒளிரும், மெல்லிய செம்புப் படலம் மிச்சமிருக்கும் இடம் நிழலாகத் தெரியும். நிழல் மறைந்த கணமே நிறுத்த வேண்டும். பெர்சல்பேட்டில் இந்தத் தொல்லை குறைவு. தெளிவாக இருக்கும், செம்பு கரையக் கரைய நீலம் ஏறும்.

*

மறு: மறு: ஓவர் எட்சிங்

ஒரு மாற்றுக் கருத்து. 'பக்க அரிப்பு' என்றால் பலகையின் பக்கம் என்று படிக்க இடமுண்டு, அதுவும் ஓரம் முதலில் முடியும் என்று இப்போதுதான் படித்த கையோடு. 'உள்ளரிப்பு' எப்படி? செல்லரித்த கதவு வெளியே முழுசாகத் தெரிவதுபோல, மேலிருந்து பார்த்தால் டோனர் அகலம் அப்படியே இருக்கும், அதன் விளிம்புக்குக் கீழே செம்பு இருக்காது. நாரால் தேய்த்தால் துருத்தி நிற்கும் டோனர் விளிம்பு செதிலாக உதிரும். அதைத்தானே சொல்ல வருகிறோம்?

*

மறு: மறு: மறு: ஓவர் எட்சிங்

உவமை பொருந்துகிறது, சொல் பொருந்தவில்லை. உள்ளரிப்பு என்றால் உள்ளே பொந்து என்றாகிவிடும், அளக்கவும் முடியாது. 'ஒரு பக்கத்துக்கு 30 மைக்ரான் பக்க அரிப்பு' என்றால் எண் இயல்பாக உட்காருகிறது. பலகையின் எல்லைக்கு 'ஓரம்', கோட்டின் எல்லைக்குப் 'பக்கம்' என்று கையேடு முழுக்க ஒரே மாதிரி எழுதினால் குழப்பம் வராது.

ஒரு வேண்டுகோள்: 'பக்கவரிப்பு' என்று சேர்த்து எழுத வேண்டாம். கண் அதைப் 'பக்க வரி' என்று பிரித்துவிடும். இடம்விட்டே எழுதுங்கள். 'மிகையரிப்பு' சேர்ந்தே இருக்கட்டும்.

*

பொருள்: திருத்திய பத்தி

நன்றி. எல்லாவற்றையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் ஓசை தெரியும் என்பதால், திருத்திய பத்தி இதோ:

"பலகையைத் தூய்மை செய்து அரிகாப்பை ஏற்றவும். டோனர் முறையானால், தாளைச் செம்பின்மேல் கவிழ்த்து, தேய்ப்புப்பெட்டியால் ஓரங்கள் வரை அழுத்திச் சூடேற்றி, ஆறவிட்டு, தண்ணீரில் ஊறவைத்துத் தாளைத் தேய்த்தெடுக்கவும். ஊசித்துளைகளை மார்க்கரால் அடைக்கவும். லிட்டருக்கு 200 முதல் 250 கிராம் சோடியம் பெர்சல்பேட் கரைத்த அரிகரைசலை 40 முதல் 50 டிகிரியில் வைத்து, பலகையை இட்டு, தட்டை ஆட்டிக்கொண்டே இருக்கவும். 10க்கு 10 செ.மீ. பலகையின் ஒரு பக்கச் செம்பு ஏறக்குறைய 3.1 கிராம், அதைக் கரைக்கக் கணக்குப்படி 12 கிராம் பெர்சல்பேட் போதும், ஆனால் கரைசல் நீர்த்துப்போகும்போது வேகம் குறைந்து மிகையரிப்பு கூடும் என்பதால் அதைப்போல் இரு மடங்கு வைக்கவும். பயன்படாத இடங்களைத் தரைத் தளமாக (கிரவுண்ட் செம்பாக) நிரப்பிவிட்டால் அரிக்க வேண்டிய செம்பும் குறையும், நேரமும் குறையும். பக்க அரிப்புக்காக மெல்லிய கோடுகளை 0.05 மி.மீ. கூட்டி வரையவும். பயன்படுத்திய அரிகரைசலைப் புட்டியில் இறுக மூடி வைக்கவும். செம்பு கலந்திருப்பதால் சாக்கடையில் ஊற்றக் கூடாது."

*

மறு: திருத்திய பத்தி

சொற்கள் ஓடுகின்றன. உள்ளடக்கத்தில் இரண்டு திருத்தம்.

முதலாவது, எந்தப் பக்கத்தைத் திருப்பி அச்சிடுவது என்பது இல்லை. வடிவமைப்பு மென்பொருள் கீழ் அடுக்கை மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோல்தான் காட்டும். தாளைக் கவிழ்க்கும்போது படம் ஒருமுறை தானே திரும்பிவிடுகிறது. ஆகவே கீழ் அடுக்கைத் திருப்பாமல் அச்சிட வேண்டும், மேல் அடுக்கைக் கண்ணாடிப் பிம்பமாக அச்சிட வேண்டும். தாளில் ஒரு மூலையில் நான்கு எழுத்து எழுதிவிடுங்கள். செம்பில் ஏறிய பின் அது நேராக வாசிக்க வந்தால் சரி.

இரண்டாவது அவசரம்: 'இறுக மூடி' என்பதை எடுத்துவிடுங்கள். பெர்சல்பேட் கரைசல் மெல்லச் சிதைந்து ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். இறுக மூடிய புட்டி உப்பி வெடிக்கும். மூடியில் சிறு துளை போட்ட பிளாஸ்டிக் புட்டி, குளிர்ந்த இடம், வெளியே பெயர்ச்சீட்டு. பெர்ரிக் குளோரைடை மூடி வைக்கலாம், ஆனால் அதற்கும் உலோகப் பாத்திரமோ உலோக மூடியோ ஆகாது. துருப்பிடிக்காத எஃகையும் அது தின்றுவிடும்.